எசேக்கியா விரித்து வைத்த கடிதம்: கவலையை ஜெபமாக்குவது எப்படி?

"கவலைப்படாதீங்க, ஜெபம் பண்ணுங்க." சபையில் யாரிடமாவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. சிறு வயதிலிருந்தே ஆலயத்துக்குப் போனாலும் யாரும் உட்கார வைத்து விளக்காதவர்களுக்கும் இதே நிலைதான். முழங்காலில் நின்று கண்ணை மூடினால் அதே கவலை இன்னும் பெரிதாக வந்து நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து எழுந்தால் நெஞ்சு முன்பைவிட அதிகமாகப் படபடக்கிறது. அப்புறம் "எனக்கு விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது" என்று புதிதாக ஒரு கவலை சேர்ந்துகொள்கிறது.

இதை விளக்குபவர்கள் வழக்கமாக மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தொடங்குவார்கள், ஆகாயத்துப் பறவைகளும் காட்டுப் பூக்களும் வருகிற இடத்தில். அதற்கும் வருவோம். ஆனால் ஆரம்பநிலையில் இருப்பவருக்கு அதைவிடக் கைகொடுப்பது பழைய ஏற்பாட்டில் வருகிற, எருசலேமிலிருந்து யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா ராஜாவின் கதை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கவலைப்பட்டது ஒன்றுமில்லாத விஷயத்துக்காக அல்ல. வாசலில் உண்மையாகவே ஒரு படை நின்றது.

நடந்தது என்ன

கிமு 701. அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதா நாட்டுக்குள் படையோடு வந்தான். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாக அவனே பல பக்கங்கள் கொண்ட களிமண் பட்டகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பட்டகம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்துவிட்டேன் என்று அதில் பெருமையடித்துக்கொள்கிறான். எசேக்கியா முதலில் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் (தாலந்து என்பது அந்தக் காலத்து எடை அளவு). ஆலயக் கதவுகளில் தாமே பதித்திருந்த பொன்தகட்டைக் கூட உரித்துக் கொடுக்க வேண்டிவந்தது. அதுவும் போதவில்லை.

அடுத்து சனகெரிப்பின் அதிகாரி ரப்சாக்கே மதிலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு பேசினான். "எங்களுக்குப் புரியும்படி அரமேய மொழியில் பேசும், மதில்மேல் இருக்கிற ஜனங்களுக்குக் கேட்க வேண்டாம்" என்று எசேக்கியாவின் ஆட்கள் கெஞ்ச, அவன் வேண்டுமென்றே ஜனங்களின் மொழியிலேயே உரக்கக் கத்தினான். "நீ நம்பியிருக்கிற இந்த நம்பிக்கை என்ன?" என்று கேட்டான். "2,000 குதிரைகள் தருகிறேன், ஏறி உட்கார உன்னிடம் ஆள் இருக்கிறதா?" என்று நக்கல் வேறு. இரவு இரண்டு மணிக்கு நம் தலைக்குள் கேட்கிற குரலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பேசும் என்பது இதைப் படித்தவர்களுக்குப் புரியும்.

எசேக்கியா துக்கத்தில் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, இரட்டு என்கிற முரட்டுத் துணியை உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். ஏசாயா தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பி, எங்களுக்காக ஜெபியுங்கள் என்றார். பயப்பட வேண்டாம் என்று ஏசாயாவிடமிருந்து பதிலும் வந்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்ததாக சனகெரிப்பிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. பழைய மிரட்டல்தான், இந்தத் தடவை எழுத்தில். எசேக்கியா அதை வாங்கி வாசித்தார். வாசித்த பிறகு செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும்: ஆலயத்துக்குப் போய், அந்தக் கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் (2 இராஜாக்கள் 19:14).

கவலையைக் கர்த்தரிடம் கொடுப்பது என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் செய்முறை அந்த ஒரு செயலில் இருக்கிறது. கடிதத்தை அவர் ஒளித்து வைக்கவில்லை. நெகட்டிவாக எதையும் பேசக்கூடாது என்று கிழித்துப் போடவும் இல்லை. முழுக்க வாசித்தார், அப்புறம் எழுத்து தெரியும்படி அப்படியே விரித்தார்.

அந்த ஜெபத்தை உற்றுப் பார்த்தால்

கடிதத்தை விரித்துவிட்டு அவர் செய்த ஜெபம் மொத்தம் ஐந்து வசனங்கள், 15 முதல் 19 வரை. நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. மணிக்கணக்காக ஜெபித்தால்தான் கவலை போகும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

முதலில், தாம் யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்கிறார். பூமியின் ராஜ்யங்களுக்கெல்லாம் நீர் ஒருவரே தேவன், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்கிறார். இது கடவுளுக்கு ஐஸ் வைப்பது இல்லை. சனகெரிப்பின் கடிதம் கையில் இருக்கும்போது உலகத்திலேயே பெரியவன் சனகெரிப்தான் என்று தோன்றும். அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளாமல் மேலே ஒரு வார்த்தை பேசினாலும் அது புலம்பலாகத்தான் போகும்.

இரண்டாவதாக, "உமது செவியைச் சாய்த்துக் கேளும், உமது கண்களைத் திறந்துபாரும்" என்கிறார். கடவுளுக்குத் தெரியாதா என்ன, சொல்வானேன் என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். நல்ல கேள்விதான். நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8-இல் இயேசுவே சொல்கிறார். ஆனால் அடுத்த வசனத்திலேயே, ஆகையால் இப்படி ஜெபம் பண்ணுங்கள் என்று "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். நாம் சொல்வது அவருக்குச் செய்தி தெரிவிக்க இல்லை. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இன்னொருவர் முன்னால் இறக்கி வைக்கத்தான்.

மூன்றாவதாக அவர் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அசீரியர் மற்ற நாடுகளை நாசமாக்கியது உண்மைதான் என்று ஒத்துக்கொள்கிறார். எதிரி சொன்னதில் எது நிஜமோ அதை மறைக்கவில்லை. விசுவாசம் என்றால் ரிப்போர்ட்டில் இருப்பதை இல்லை என்று சொல்வது என்று ஒரு எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. எசேக்கியாவிடம் அது இல்லை. கடைசியாக ஒரே ஒரு விண்ணப்பம்: எங்களை அவன் கையிலிருந்து தப்புவியும்.

இதை இன்றைய வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? அம்மாவின் பயாப்சி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவரே, எங்களைப் படைத்தவர் நீர். செவ்வாய்க்கிழமை அம்மாவுடைய ரிசல்ட் வருகிறது. கேன்சராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இருந்தால் பணத்துக்கு எங்கே போவேன் என்று தெரியவில்லை. தம்பியிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அம்மாவைக் காப்பாற்றும். எதுவாக இருந்தாலும், அன்றைக்கு டாக்டர் முன்னால் நிதானமாக உட்காரப் பெலன் தாரும். ஆமென்." அவ்வளவுதான். வேதாகமத் தமிழில் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி அதன்மேல் கை வைத்து ஜெபிக்கலாம்.

கவனித்தீர்களா, அந்த ஜெபத்தில் கிழமை இருக்கிறது, நோயின் பெயர் இருக்கிறது, பணக்கவலை தனியாக இருக்கிறது, தம்பியிடம் கேட்கும் கூச்சமும் தனியாக இருக்கிறது. "ஆண்டவரே, என் பிரச்சினைகளையெல்லாம் தீரும்" என்று மொத்தமாகச் சொல்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். கவலைக்குப் பலமே அது உருவமில்லாமல் பரவிக் கிடப்பதில்தான். பெயர் சொல்லிப் பிரித்தால், நாலு பயங்களில் ஒன்று தம்பிக்கு ஒரு போன் செய்தால் தீரக்கூடியது என்று தெரியவரும்.

இன்னொரு விஷயம். சில நேரம் நாம் செய்வது ஜெபமே இல்லை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "ஆண்டவரே" போட்டுக்கொண்டு கவலைப்படுவது. செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவோம். "என்ன ஆகுமோ, என்ன ஆகுமோ" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடைசிப் பத்து நிமிடத்தில் கடவுளிடம் எதையாவது கேட்டேனா என்று யோசித்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் ஒரே வரியில் கேட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். சங்கீதம் 13-இல் தாவீதுக்கும் இந்தச் சுற்றல் இருந்திருக்கிறது. எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன் என்று கர்த்தரிடமே முறையிடுகிறார். ஆறே வசனங்கள் கொண்ட சங்கீதம். "எதுவரைக்கும்" என்று நாலு முறை கேட்டுவிட்டுத்தான் நம்பிக்கைக்கு வருகிறார். அழுவதும் முறையிடுவதும் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அவர்களை இந்தச் சங்கீதத்துக்கு அனுப்பலாம்.

ஜெபித்த பிறகு கை கட்டிக்கொண்டு இருப்பதா?

இல்லை. அதற்கு எருசலேமில் இன்றும் நடந்து பார்க்கக்கூடிய சாட்சி இருக்கிறது. நகரத்துக்குத் தண்ணீர் தருகிற கீகோன் ஊற்று மதிலுக்கு வெளியே இருந்தது. முற்றுகை வந்தால் எதிரிக்குத் தண்ணீர், உள்ளே இருப்பவர்களுக்குத் தாகம். எனவே எசேக்கியா அந்த ஊற்றை மூடி, பாறையைக் குடைந்து தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தார் என்று 2 நாளாகமம் 32 சொல்கிறது. சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று சீலோவாம் குளம் வரைக்கும் போகிறது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதுதான் அது என்கிறார்கள். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்தவர்கள் கடைசியில் பாறைக்கு அப்பாலிருந்து ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள் என்று சுரங்கச் சுவரில் பொறித்து வைத்திருந்தார்கள். 1880-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் மியூசியத்தில் இருக்கிறது.

கடிதத்தை விரித்து ஜெபித்த அதே மனிதர்தான் இந்தச் சுரங்கத்தையும் வெட்டியவர். இரண்டுக்கும் சண்டை இல்லை. ஆனால் ஏசாயா 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது: மதிலைப் பார்த்துப் பார்த்துப் பலப்படுத்துகிறீர்கள், குளத்துத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறீர்கள், ஆனால் இதையெல்லாம் ஏற்படுத்தினவரை நோக்கவில்லையே என்று. வேலை செய்தது தப்பு என்று ஏசாயா சொல்லவில்லை. எல்லாம் என் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பைத்தான் கண்டிக்கிறார். நமக்குத் தூக்கத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்த நினைப்புதான்.

இப்போது மத்தேயு 6-க்கு வரலாம். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னார். அதைக் கேட்டவர்களில் நிறையப் பேர் மீன்பிடித்தும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். ரோமருக்கு வரியும் கட்ட வேண்டும். நாளைக்குச் சாப்பாடு உண்டா என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி. அவர்களிடம் போய் உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது என்று அவர் சொல்லவில்லை. பாடு உண்டு என்று அந்த வசனமே ஒத்துக்கொள்கிறது. நாளைய பாட்டை இன்றைக்கே இழுத்துக்கொண்டு வராதீர்கள் என்றுதான் கேட்கிறார். பறவைகளும் கூட்டில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லையே, விடிந்தால் இரை தேடிப் போகின்றன. ஆகவே சேமிப்பதும் இன்சூரன்ஸ் கட்டுவதும் பரீட்சைக்குப் படிப்பதும் இந்த வசனத்துக்கு விரோதம் இல்லை.

பதில் வராதபோது

எசேக்கியாவுக்குப் பதில் வந்தது. அன்று இரவே அசீரியப் பாளையத்தில் 1,85,000 பேர் மாண்டார்கள், சனகெரிப் நினிவேக்குத் திரும்பிப் போனான் என்று வேதம் சொல்கிறது. சனகெரிப்பின் பட்டகமும் எருசலேமைப் பிடித்ததாக எங்கும் சொல்லவில்லை.

ஆனால் லாகீஸ் இருக்கிறது. யூதாவின் அந்தப் பெரிய பட்டணம் அதே படையெடுப்பில் விழுந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறுவதையும் சிலர் கழுவேற்றப்படுவதையும் சனகெரிப் தன் அரண்மனைச் சுவரில் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். லாகீசில் யாரும் ஜெபிக்கவில்லை என்று நாம் நினைக்க முடியுமா? இதற்கு என்னிடம் நேரான விடை கிடையாது. விடை இருப்பதுபோலப் பேசும் பிரசங்கங்களைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

வேதாகமமே இதை மறைக்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு, பாடுகள் என்கிற இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. அப்போஸ்தலர் பவுல் தம் உடம்பில் இருந்த, முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் அங்கேயே இருந்தது. பவுல் பிலிப்பி சபைக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில்தான், ஒன்றுக்கும் கவலைப்படாமல் உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று சொல்கிறார். அடுத்த வசனத்தை அவசரப்படாமல் வாசிக்க வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அங்கே இல்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்றுதான் இருக்கிறது. ஸ்தோத்திரத்தோடே என்பதும் நோய்க்காக நன்றி சொல் என்று அர்த்தமில்லை. நோய் வந்த வீட்டிலும் நன்றி சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கும், அதைத் தேடிப் பார்க்கச் சொல்கிறார்.

ஜெபித்துவிட்டு எழுந்ததும் கவலை திரும்பி வந்தால் ஜெபம் தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். எசேக்கியாவுக்கும் முதல் ஜெபத்துக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அந்தக் கடிதமே வந்தது. அவர் மறுபடி ஆலயத்துக்குப் போனார். இதே பவுலும், எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டான கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். நாள்தோறும் நெருக்கினால் நாள்தோறும் இறக்கி வைக்க வேண்டியதுதான்.

துணைக்கு ஒருவர்

ராஜாவாக இருந்தும் எசேக்கியா ஏசாயாவிடம் ஆள் அனுப்பினார் என்பதை மறக்கக்கூடாது. தனியாக ஜெபிக்க முடியாத நாட்கள் வரும். அந்த நாட்களுக்காகத்தான் சபை இருக்கிறது. சபை ஐயரிடமோ பாஸ்டரிடமோ பங்குத்தந்தையிடமோ, நம்பிக்கையான ஒரு அக்காவிடமோ, எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லலாம். ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது மறுநாள் காலையில் ஊர்ப்பேச்சாகிவிடுவதும் நடக்கிறது. வாயைத் திறந்ததும் "உங்கள் வாழ்க்கையில் ஏதோ பாவம் இருக்கிறது" என்று ஆரம்பிப்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவருடைய நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள், கடைசியில் கர்த்தர் அவர்களைத்தான் கடிந்துகொண்டார்.

மருத்துவரிடம் போவதைப் பற்றியும் எசேக்கியாவின் கதையிலேயே பதில் இருக்கிறது. அவர் சாகக்கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுது ஜெபித்தார். உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், 15 வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவாருங்கள் என்றார். அதைப் பிளவையின்மேல் (சீழ்க்கட்டியின்மேல்) பற்றுப் போட்டார்கள், ராஜா பிழைத்தார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே ஆள் கையிலிருந்து வந்தன. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றபோதும் தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

ஆகவே கவலை மாதக்கணக்கில் விடாமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால், காரணமே இல்லாமல் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படிப் படபடப்பு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனப்பதற்ற நோய் என்றால் அதற்கு மருந்தும் இருக்கிறது, பேச்சுவழிச் சிகிச்சையும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அத்திப்பழத்தை நினைவுபடுத்துங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் கூப்பிட்டுப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.